குப்பை நோட்டீஸ்ல 'பெரும்பாலான வீடுகள்'னு போடலாமா? ஒரு அப்பார்ட்மென்ட் குழுவின் காலை உரையாடல்

குடியிருப்போர் குழு (ஏ, பி பிளாக், 48 வீடு)

சேகர், செகரட்டரி (ஏ-12), காலை 7:04
எல்லாருக்கும் வணக்கம். குப்பைத் தொட்டிகிட்ட ஒட்ட நோட்டீஸ் ரெடி. பிரிண்ட் போடறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாத்துடுங்க.
"பலமுறை கூறியும் பெரும்பாலான வீடுகள் குப்பையைத் தரம் பிரிப்பதில்லை. சென்ற வாரம் மட்டும் 17 வீடுகளின் பைகள் கலந்தே வந்தன. இது வெட்கக்கேடு."

வசந்தா (பி-4), 7:11
சேகர், 'பெரும்பாலான வீடுகள்'ங்கறதை முதல்ல எடுத்துடுங்க. 48ல 17 கலந்து வந்துச்சுன்னா 31 வீடு ஒழுங்கா பிரிக்குது. கணக்கே தப்பு. அதைவிட, இந்த வரியைப் படிக்கறவங்களுக்கு 'ஊரே செய்யல, நான் மட்டும் ஏன் மெனக்கெடணும்'னுதான் தோணும்.

நஸ்ரின், டிரஷரர் (ஏ-7), 7:13
நிலைமை மோசம்னு சொன்னாத்தானே மேடம் உறைக்கும்?

வசந்தா (பி-4), 7:20
அப்படித்தான் எல்லாரும் நினைக்கறோம் நஸ்ரின். அமெரிக்காவுல அரிசோனா மாநிலத்துல மரமெல்லாம் கல்லாப் போன ஒரு தேசியப் பூங்கா இருக்கு, பெட்ரிஃபைட் ஃபாரஸ்ட்னு பேரு. நம்ம திருவக்கரை கல்மரப் பூங்கா மாதிரி, ஆனா ரொம்பப் பெரிசு. வர்றவங்க ஆளுக்கு ஒரு துண்டு பையில போட்டுக்குவாங்க. 'வருஷத்துக்கு 14 டன் திருட்டுப் போகுது, பெரும்பாலும் சின்னச் சின்னத் துண்டா'ன்னு அங்க போர்டே வெச்சிருந்தாங்க.
ராபர்ட் சியால்டினிங்கற உளவியல் ஆய்வாளரோட குழு அந்தப் பாதைகள்ல அடையாளம் வெச்ச துண்டுகளைப் போட்டு, ரெண்டு விதமான போர்டை மாத்தி மாத்தி வெச்சுப் பாத்தாங்க. 'முன்பு வந்த பலர் எடுத்துச் சென்றதால் காட்டின் இயற்கை நிலை மாறிவிட்டது'ன்னு எழுதி, மூணு பேர் எடுக்கற மாதிரி படம் போட்ட போர்டு ஒண்ணு. அது இருந்தப்போ 7.92 சதவீதத் துண்டு காணாமப் போச்சு. 'தயவுசெய்து எடுக்காதீர்கள்'னு எழுதி, ஒரே ஒருத்தர் படத்து மேல சிவப்பு வட்டமும் கோடும் போட்டது இன்னொண்ணு. அதுக்கு 1.67 சதவீதம்தான்.
கிட்டத்தட்ட அஞ்சு மடங்கு வித்தியாசம். ரெண்டு போர்டும் எழுதினது ஒரே நல்ல எண்ணத்துலதான்.

சேகர் (ஏ-12), 7:22
நம்ம நோட்டீஸ் அப்படியே முதல் போர்டு மாதிரில்ல இருக்கு. 'வெட்கக்கேடு'ம் எடுத்துடறேன்.

கார்த்திக் (பி-19), 7:31
நோட்டீஸுக்கு முன்னாடி தொட்டி இருக்கற இடத்தைப் பாக்கணும் அங்கிள். என்னைக் கேட்டா பாதி வேலை அங்கதான். அதே சியால்டினி குழு 1990ல வெளியிட்ட ஆய்வு ஒண்ணு இருக்கு. ஆஸ்பத்திரி பக்கத்துல இருந்த கார் பார்க்கிங்ல செஞ்சது. ஒவ்வொரு வண்டி வைப்பர்லயும் 'இது வாகனப் பாதுகாப்பு வாரம், கவனமாக ஓட்டுங்கள்'னு ஒரு துண்டுச் சீட்டு. பக்கத்துல குப்பைத் தொட்டியே கிடையாது. கையோட கொண்டு போகணும், இல்லைன்னா கீழ போடணும். லிஃப்ட்ல இருந்து வெளிய வர்றவங்க எதிர்ல, ஆய்வுக் குழு ஆள் ஒருத்தர் வருவார். சில நேரம் அவர் ஒரு சீட்டைப் படிச்சுகிட்டே வந்து அதைக் கீழ போட்டுட்டுப் போவார், சில நேரம் கையில சீட்டு இல்லாம சும்மா கடந்து போவார்.

தரை ஏற்கெனவே குப்பையா இருந்து, அவரும் போட்டா: 54% பேர் போட்டாங்க
தரை குப்பை, அவர் போடல: 32%
தரை சுத்தம், அவர் போடல: 14%
தரை சுத்தம், அவர் மட்டும் போட்டார்: 6%

கடைசி வரியைத் திரும்பப் படிங்க. பளிச்சுன்னு இருக்கற தரையில ஒருத்தர் குப்பை போட்டதைப் பாத்தவங்கதான் எல்லாரையும் விடக் கம்மியாப் போட்டாங்க. 'இங்க யாரும் போட மாட்டாங்க'ங்கறது அப்பத்தான் மனசுல உறைக்குது.

முருகேசன் (பி-2), 7:34
அப்ப ஒரே ஒரு குப்பை கிடந்தா பரவாயில்லையா?

கார்த்திக் (பி-19), 7:39
அதையும் அதே ஆய்வுல ஒரு கேளிக்கைப் பூங்காவுல பாத்திருக்காங்க சார். தரையில ஒண்ணுமே இல்லைன்னா 18% பேர் போட்டாங்க, ஒண்ணு கிடந்தா 10%. ரெண்டு கிடந்தா மறுபடி 20%, நாலுக்கு 23%, எட்டுக்கு 41%, பதினாறுக்கு 40%. நாலுக்கும் எட்டுக்கும் நடுவுலதான் பெரிய தாவல்.
நம்ம இடத்துல பச்சைத் தொட்டி எட்டு மணிக்குள்ள நிறைஞ்சுடுது. அப்புறம் வர்ற முதல் பை கீழ நிக்குது. அடுத்து ரெண்டு, மூணு பை. ஒன்பதரைக்கு அந்த இடமே குப்பைமேடு. அப்ப மேல என்ன நோட்டீஸ் ஒட்டினாலும் தரைதான் பேசும். இன்னொரு பச்சைத் தொட்டி வாங்கணும். தரையை ராத்திரி அலம்பறதுக்குப் பதிலா காலைல ஆறு மணிக்கு அலம்பச் சொல்லணும்.

நஸ்ரின் (ஏ-7), 7:42
தொட்டிக்கு மெயின்டனன்ஸ் பணத்துல இடம் இருக்கு. இன்னிக்கே ஆர்டர் போடறேன்.

முருகேசன் (பி-2), 7:45
தொட்டிக்கு மேல ரெண்டு கண்ணு படம் ஒட்டினா யாரோ பாக்கற மாதிரி பயம் வரும்னு எங்கயோ படிச்சேன்.

கார்த்திக் (பி-19), 7:49
2006ல நியூகாசில் பல்கலைக்கழக டீ ரூம்ல செஞ்சது. காசை நாமளே பெட்டியில போடற முறை. பூப்படம் இருந்த வாரங்களை விடக் கண்ணு படம் இருந்த வாரங்கள்ல கிட்டத்தட்ட மூணு மடங்கு காசு சேர்ந்துச்சு. ஆனா இந்த மாதிரி பல ஆய்வுகளைச் சேர்த்து 2017ல அலசினப்போ, கண்ணு படத்தால தாராளம் கூடுதுங்கறது நிக்கல. அதை நம்பி இறங்க வேண்டாம் சார்.

வசந்தா (பி-4), 7:52
சரியாச் சொன்னே கார்த்தி. ஹோட்டல் குளியல் துண்டு விஷயமும் இப்படித்தான். 'இங்கே தங்குபவர்களில் பெரும்பாலானோர் துண்டை மறுபடி பயன்படுத்துகிறார்கள்'ன்னு அட்டை வெச்சா 35லேருந்து 44 சதவீதமா ஏறிச்சுன்னு 2008ல வந்துச்சு. 2014ல வந்த ஜெர்மன் ஹோட்டல் ஆய்வுல அந்த வித்தியாசம் வரல. ஒரே ஆய்வை வெச்சு முடிவு கட்டக் கூடாது. அதனாலதான் நாமளும் எண்ணிப் பாக்கணும்கறேன்.

சேகர் (ஏ-12), 7:55
ஓகே மேடம். இதோட தண்ணி மீட்டர் லிஸ்ட்டும் ஒட்டலாம்னு இருந்தேன். ஒவ்வொரு வீட்டு அளவும், பக்கத்துல சராசரியும்.

வசந்தா (பி-4), 8:03
அதுல ஒரு குழி இருக்கு. கலிஃபோர்னியாவுல சான் மார்க்கோஸ்ங்கற ஊர்ல, சுமார் 290 வீட்டுக் கதவுல அட்டை மாட்டினாங்க: 'நீங்கள் இவ்வளவு கரண்ட் செலவழித்தீர்கள், அக்கம்பக்கத்துச் சராசரி இவ்வளவு'. 2007ல வெளியான ஆய்வு. சராசரிக்கு மேல இருந்தவங்க நாளுக்கு 1.22 யூனிட் குறைச்சாங்க. ஆனா ஏற்கெனவே சிக்கனமா இருந்தவங்க நாளுக்கு 0.89 யூனிட் கூட்டிட்டாங்க! 'ஓ, நாமதான் ரொம்ப இழுத்துப் பிடிக்கறோம் போல'ன்னு.
அட்டையில ஒரு சிரிச்ச முகம் வரைஞ்சதும் அந்த ஏத்தம் நின்னுடுச்சு. கம்மியா செலவழிச்சவங்களுக்குச் சிரிச்ச முகம், அதிகமானவங்களுக்கு வாடின முகம். சராசரியை மட்டும் காட்டினா எல்லாரும் அதை நோக்கி நகருவாங்க, மேல இருந்தும் கீழ இருந்தும். அதனால சிக்கனமா இருக்கற வீட்டுக்கு 'நன்றி'ன்னு ஒரு வார்த்தை கண்டிப்பா வேணும். லிஸ்ட்டைப் பொதுவுல ஒட்டாம அவங்கவங்க கதவுல தனித்தனியா மாட்டுங்க.

நஸ்ரின் (ஏ-7), 8:06
பக்கத்து வீட்டைப் பாத்து நாம மாறுவோம்னு யாரும் ஒத்துக்க மாட்டாங்களே மேடம்.

வசந்தா (பி-4), 8:09
மாட்டாங்கதான். கலிஃபோர்னியாவுல 810 பேர்கிட்ட ஏன் கரண்டை மிச்சம் பிடிக்கறீங்கன்னு கேட்டாங்க. சுற்றுச்சூழல், பணமெல்லாம் மேல வந்துச்சு, 'மத்தவங்க செய்யறாங்க' கடைசி. ஆனா யார் எவ்வளவு மிச்சம் பிடிக்கறாங்கங்கறதோட ரொம்ப ஒத்துப் போனது, அக்கம்பக்கம் எவ்வளவு செய்யுதுன்னு அவங்க நினைச்சிருந்ததுதான்.

நஸ்ரின் (ஏ-7), 8:12
அப்ப மெயின்டனன்ஸ் பாக்கி வெச்ச 5 வீட்டுப் பேரை லிஃப்ட்ல ஒட்டறதும் வேண்டாம்ல?

கார்த்திக் (பி-19), 8:18
வேண்டாம் அக்கா. பேரை ஒட்டினா வர்றது சண்டை. தனிக் கடிதம் போடுங்க. பிரிட்டன் வரித்துறை 2011ல பாக்கி வெச்ச ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவங்களுக்கு விதவிதமா கடிதம் அனுப்பிப் பாத்தாங்க. 'பத்தில் ஒன்பது பேர் நேரத்துக்குக் கட்டுகிறார்கள். இன்னும் கட்டாத மிகச் சிலரில் நீங்களும் ஒருவர்'ங்கற மாதிரி எழுதின கடிதம்தான் நல்லா வேலை செஞ்சது. 23 நாள்ல, சாதாரணக் கடிதத்தை விட சுமார் 5 சதவீதப் புள்ளி அதிகம் பேர் கட்டினாங்க. நமக்கு 48ல 43 கட்டியாச்சு. அந்த எண்ணையே எழுதுங்க.

முருகேசன் (பி-2), 8:21
31 வீடுதான் பிரிக்குதுங்கறது சுமாரான நம்பர்தானே? அதைப் போட்டா எடுபடுமா?

வசந்தா (பி-4), 8:27
நல்ல கேள்வி. நம்பர் சுமாரா இருந்தா அது போற திசையைச் சொல்லணும். ஸ்டான்ஃபோர்டு வளாகக் காஃபி கடை வரிசையில நின்னவங்ககிட்ட 2017 ஆய்வுல ரெண்டு விதமா சொன்னாங்க. '30% அமெரிக்கர்கள் கறியைக் குறைக்க முயற்சி செய்கிறார்கள்'னு படிச்சவங்கள்ல 17 சதவீதம் பேர் கறியில்லாத சாப்பாடு வாங்கினாங்க. 'கடந்த சில வருடங்களில் 30% பேர் முயற்சி செய்ய ஆரம்பித்திருக்கிறார்கள்'னு படிச்சவங்கள்ல 34 சதவீதம்.
சேகர், ஜனவரியில எத்தனை வீடு பிரிச்சுது?

சேகர் (ஏ-12), 8:29
ரிஜிஸ்டர்ல 22ன்னு இருக்கு.

வசந்தா (பி-4), 8:34
அப்ப இதையே போடுங்க. எண்ணு உண்மையா இருக்கணும், ஒண்ணு கூடக் கூட்டிச் சொல்லாதீங்க. ஒரு ஆள் பொய்யைக் கண்டுபிடிச்சா அடுத்த நோட்டீஸை யாரும் படிக்க மாட்டாங்க.
"ஜனவரியில் 22 வீடுகள் குப்பையைப் பிரித்துத் தந்தன. இப்போது 31 வீடுகள். நன்றி.
பச்சை: காய்கறித் தோல், மிச்சச் சாப்பாடு, டீத்தூள், பூ.
நீலம்: கழுவிய பால் கவர், பாட்டில், அட்டைப்பெட்டி.
சிவப்பு: பேப்பரில் சுற்றிய நாப்கின், டயப்பர்."
தொட்டி மூடிக்கு நேர் மேல, கண் மட்டத்துல. லிஃப்ட்ல ஒட்டினா பை கைக்கு வர்றதுக்குள்ள மறந்துடும்.

கார்த்திக் (பி-19), 8:41
ஒரு சின்ன வேண்டுகோள் அங்கிள். நோட்டீஸும் புதுத் தொட்டியும் ஒரே நாள்ல வந்தா எது வேலை செஞ்சதுன்னு தெரியாது. இந்த வாரம் எதையும் மாத்தாம எண்ணுவோம். அடுத்த வாரம் தொட்டியும் ஆறு மணி அலம்பலும். அதுக்கடுத்த வாரம் ஏ பிளாக் தொட்டிகிட்ட மட்டும் நோட்டீஸ், அப்புறம் ரெண்டு பிளாக்லயும். பிளாக்குக்கு 24 வீடுதான், அதனால ரெண்டு மூணு வீடு முன்ன பின்ன வந்தா பெரிசா எடுத்துக்கக் கூடாது.

முருகேசன் (பி-2), 8:44
நான் எண்ணறேன். தினமும் காலைல 9:30, வண்டி வர்றதுக்கு முன்னாடி. பையைப் பிரிக்காம வெளிய இருந்தே பாத்தா போதுமா?

கார்த்திக் (பி-19), 8:46
போதும் சார். சந்தேகமான பையை 'கலந்தது'ன்னே எழுதுங்க, கடைசி வாரம் வரைக்கும் அதே மாதிரி. வீட்டு நம்பர் எழுத வேண்டாம், பிளாக் மட்டும்.

சேகர் (ஏ-12), 8:48
பழைய நோட்டீஸை அழிச்சாச்சு. வாட்ச்மேன்கிட்ட அடுத்த திங்கள்லேருந்து ஆறு மணிக்கு அலம்பணும்னு சொல்லிடறேன்.