மாலிக்யூலர் ரீப்ளேஸ்மென்டில் மாட்டிக்கொண்ட கதைகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் முனைவர் பட்டத்துக்காக, ஒரு நொதியின் முப்பரிமாண உருவத்தை அதன் படிகத்திலிருந்து எக்ஸ்ரேயால் கண்டுபிடிக்க மல்லுக்கட்டிய கதை என்னுடையது. (1982-இல் வேதியியல் நோபல் பெற்ற ஆரன் க்ளூக் வளர்ந்த ஊர், ஊர் ராசி எனக்கு உதவவில்லை.) ஆப்பிரிக்காவில் சின்க்ரோட்ரான் (வலுவான எக்ஸ்ரே தரும் பெரிய இயந்திரம்) கிடையாது, அதனால் படிகங்களைத் திரவ நைட்ரஜனில் உறையவைத்துப் பிரான்ஸின் கிரெனோபிளுக்கு அனுப்பினோம். 2.6 ஆங்ஸ்ட்ராம் நுணுக்கம் வரை தரவு வந்தது. பன்னி சோ (ரொட்டிக்குள் குழம்பு) வாங்கிக் கொண்டாடினோம். அவசரப்பட்டுவிட்டோம்.

எக்ஸ்ரே தரவில் புள்ளிகளின் செறிவு பதிவாகும், ஃபேஸ் (அலைகளின் கட்டம்) பதிவாகாது; அது இல்லாமல் உருவம் கிடைக்காது. அதை உருவம் ஒத்த வேறொரு புரதத்திடம் கடன் வாங்கலாம் என்று ரோஸ்மேனும் ப்ளோவும் 1962-லேயே வழி காட்டிவிட்டார்கள்; அதுதான் மாலிக்யூலர் ரீப்ளேஸ்மென்ட். என் நொதிக்குக் கிடைத்த நெருங்கிய உறவோ அமினோ அமில வரிசையில் 24 சதவீத ஒற்றுமைதான். சரி என்று, கணினி கணித்துத் தரும் ஆல்ஃபாஃபோல்டு மாதிரியை, தரவோடு பொருத்திப் பார்க்கும் ஃபேசர் என்ற நிரலில் போட்டேன். பொருத்தத்துக்கு அது தரும் மதிப்பெண்ணான டி.எஃப்.இசட் 5-ஐத் தாண்டவில்லை. 8-க்கு மேல் போனால்தான் தைரியமாக நம்பலாம். படிகத்தைச் சந்தேகித்தேன், தரவைச் சந்தேகித்தேன். மாதிரியைச் சந்தேகிக்க மூன்று மாதம் ஆனது.

நொதிக்கு இரண்டு டொமைன் (தனித்தனியாக மடிந்த பகுதிகள்), நடுவில் கதவுக் கீல் மாதிரி ஓர் இணைப்பு. கணிப்பில் கீல் மூடியிருந்தது, படிகத்தில் திறந்து கிடந்தது. கணிப்பின் நம்பகத்தைக் காட்டும் பி.எல்.டி.டி.டி மதிப்பெண் 70-க்குக் கீழிருந்த வால்களை நறுக்கிவிட்டு, மாதிரியைக் கீலிலேயே இரண்டாக அறுத்தேன். பெரிய துண்டுக்கு டி.எஃப்.இசட் 9 வந்தது. அதை அசையாமல் நிறுத்திவிட்டுச் சின்னதைத் தேடினால் 17! அப்போதும் முழுசாக நம்பவில்லை. போட்ட மாதிரியையே, கடைசியில் கிடைக்கும் எலக்ட்ரான் அடர்வுப் படம் திருப்பிக் காட்டும் மாயம் இந்த முறையில் உண்டு. மாதிரியில் இல்லாத துத்தநாக அயனி அந்தப் படத்தில் தலைகாட்டிய பிறகுதான் வீட்டுக்குப் போய்த் தூங்கினேன்.

இதற்கு ஒருவர் எழுதிய பதில்: கேப் டவுனிலிருந்து நானும் ஒன்று சொல்கிறேன் அண்ணா. உங்களுடையதாவது உங்கள் புரதம். நான் ஒரு சவ்வுப் புரதத்துக்கு எட்டு மாதம் மாதிரி மாற்றி மாற்றிப் போட்டேன், எதுவும் பொருந்தவில்லை. ஒருநாள் சும்மா யூனிட் செல் (படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் அடிப்படைப் பெட்டி) அளவுகளை மட்டும் தரவுத்தளத்தில் தேடிப் பார்த்தேன். படிகத்தில் இருந்தது என் புரதமே இல்லை, அதை வளர்த்த ஈ. கோலை பாக்டீரியாவின் சொந்தப் புரதமான ஏ.சி.ஆர்.பி! அதன் வாலில் இயல்பாகவே ஹிஸ்டிடின்கள் (நிக்கலைப் பிடித்துக்கொள்ளும் அமினோ அமிலம்) உண்டு. புரதத்தைப் பிரித்தெடுக்கும் நிக்கல் ரெசினில் ஒட்டிக்கொண்டு கூடவே வந்துவிடும். துளி இருந்தாலும் அழகாகப் படிகமாகும். அழகு என்றால் அப்படி ஓர் அழகு. என் மேற்பார்வையாளர் அதன் படத்தை மாநாட்டுப் போஸ்டரில் பெரிதாகப் போட்டு அச்சுக்கும் அனுப்பிவிட்டிருந்தார்.