பாராங்கின் வாய் ஒரே இடத்தில் மடிகிறது

வணக்கம். புதுப் பாராங் (மலாய் நாட்டுக் காட்டுவெட்டுக் கத்தி) ஒன்று. வெட்டினால் வாய், அதாவது வெட்டும் விளிம்பு, மடிகிறது, அதுவும் ஒரே இடத்தில். பத்து அங்குல அலகு, 5160 ஸ்பிரிங் ஸ்டீல், முதுகுப் பக்கம் 6 மில்லிமீட்டர். வாங்கி மூன்று வாரம்தான் ஆகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை மலேசியாவின் பகாங், ரவூப் பக்கம் மாமாவின் டுரியான் தோட்டத்தை ஒட்டிய காட்டுப்பாதையில் முதல் சோதனை. பச்சைப் புதரும் காட்டுவாழையும் ஒரே வீச்சில் விழுந்தன. குறுக்கே கிடந்த காய்ந்த மூங்கிலில்தான் வினை. கணுவில் நாலைந்து வெட்டு. வளைவு தொடங்கும் இடத்தில் ஒன்றரை அங்குலத்துக்கு வாய் ஒருபக்கமாகச் சுருண்டுவிட்டது. நகத்தை வைத்து இழுத்தால் தட்டுகிறது. மாமாவின் பழைய பாராங், லோரி ஸ்பிரிங் பட்டையில் அடித்தது, அதே மூங்கிலில் ஒன்றும் ஆகவில்லை. அவர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் கேட்கிறது.

வீட்டில் 400, 1000 சாணைக்கல்லில் தீட்டினேன். புதன்கிழமை மறுபடி மூங்கில், மறுபடி அதே இடம். கோணத்தைப் பக்கத்துக்கு 20 பாகையிலிருந்து 25 ஆக்கினேன். மடிப்பு குறைந்தது, நிற்கவில்லை. பிறகு அரத்தால் உரசிப் பார்த்தேன். மற்ற இடங்களில் பெரும்பாலும் வழுக்குகிறது, அந்த ஒன்றரை அங்குலத்தில் மட்டும் நன்றாகக் கடிக்கிறது, அதாவது அங்கே மட்டும் இரும்பு மென்மை. பட்டறையில் சாணை பிடிக்கும்போதே சூடேறிப் பதம் (இரும்புக்கு ஏற்றிய கடினம்) போயிருக்கும் என்பது என் சந்தேகம். விற்றவர், தீட்டிய கத்தியைத் திருப்பி எடுக்க மாட்டாராம்.

இப்படிச் சூட்டில் பதம் போன வாயைத் தேய்த்துத் தேய்த்தே உள்ளே இருக்கும் நல்ல இரும்பை எட்டிவிட முடியுமா, இல்லை முழு அலகையும் மறுபடி பதம் போட்டுத்தான் ஆகவேண்டுமா?