புதுப்பிப்பு: வாசலில் அப்பாவின் கால் ஒட்டிக்கொள்வது பற்றி

பார்க்கின்சன் என்ற நரம்பு நோய் உள்ள அப்பாவுக்கு அறை வாசலில் கால் தரையோடு ஒட்டிக்கொள்கிறது, பிடித்து இழுத்தே அம்மாவுக்கு இடுப்புவலி வந்துவிட்டது என்று போன மாதம் எழுதியிருந்தேன். இப்போது இழுப்பதே இல்லை. நிலைப்படிக்கு முன்னால் தரையில் குறுக்காக மஞ்சள் டேப் ஒட்டினோம். அப்பா நின்று, மூச்சு விட்டு, கோட்டைத் தாண்டுவதுபோல் காலைத் தூக்கி வைக்கிறார். அம்மா "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணினால் அடுத்த அடியும் வந்துவிடுகிறது.

பார்க்கின்சனுக்கான லெவோடோபா மாத்திரையை மருத்துவர் சொன்னபடி சாப்பாட்டுக்கு 30 நிமிடம் முன்பே கொடுக்கிறோம். சாப்பாட்டிலுள்ள புரதம் குடலில் உறிஞ்சப்படுவதற்கு அதோடு போட்டிபோடும். மதிய நேர விறைப்பு குறைந்திருக்கிறது.

அப்புறம் அம்மா. ஞாயிறு முழுக்க அப்பாவை நான் பார்த்துக்கொள்கிறேன். முதல் வாரம் அம்மா ஒத்துக்கொள்ளவே இல்லை. இந்த வாரம் நான்கு மணி நேரம் அசையாமல் தூங்கினார். எழுந்ததும் கேட்டது, "மாத்திரை கொடுத்தியா?" கொடுத்திருந்தேன்.