டிங்கிப் பரிசோதனைக்கு நானோசைம் பட்டை வேண்டுமா?

பிறை_செல்வி: ரத்தத்தில் டிங்கிக் கிருமியின் என்எஸ்1 என்ற புரதத்தைத் தேடும் இப்போதுள்ள பட்டையில் தங்க நுண்துகள்கள் வந்து சேர்ந்தால்தான் சிவப்புக் கோடு தெரியும். அந்தப் புரதம் கொஞ்சமாக இருந்தால் கோடு கண்ணுக்கே படாது. நோயாளியை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். நொதியைப் போல் வேலை செய்யும் நுண்துகள்கள், அதாவது நானோசைம்கள், இருக்க, நாம் ஏன் இன்னும் தயங்குகிறோம்? இரும்பு ஆக்ஸைடுத் துகள்களுக்குப் பெராக்சிடேஸ் நொதியின் குணம் உண்டு என்பதை 2007இலேயே சீனாவின் யான் சியுன் குழுவினர் காட்டிவிட்டார்கள். ஹைட்ரஜன் பெராக்சைடு இருந்தால் டிஎம்பி என்ற நிறமற்ற பொருளை அவை நீலமாக்கும். 2015இல் அதே வகைத் துகள்களைக் கொண்டு செய்த எபோலா பட்டை, வழக்கமான பட்டையைவிட 100 மடங்கு நுட்பமாகக் கண்டறிந்தது. பினாங்கு கிளினிக்குகளுக்கு இது வர வேண்டும்.

செராஸ்_ஆய்வகம்: செல்வி அக்கா, உங்கள் அக்கறை புரிகிறது, முடிவைத்தான் ஏற்க முடியவில்லை. இரண்டாம் முறை டிங்கி வந்தவரின் ரத்தத்தில் பழைய எதிர்ப்பொருள்கள் (கிருமியைப் பற்றிக்கொள்ள உடல் உண்டாக்கும் புரதங்கள்) என்எஸ்1 புரதத்தைச் சூழ்ந்து மறைத்துவிடுகின்றன. பட்டை பெரும்பாலும் தவறுவது அங்கேதான். மறைந்திருக்கும் புரதத்தைப் பட்டையின் எதிர்ப்பொருள் பிடிக்கவே இல்லையென்றால், எந்தத் துகள் எதை நீலமாக்கும்? இன்னொன்று: தங்கப் பட்டைக்கு ஒரு துளி ரத்தமும் கரைசலும் போதும். உங்கள் பட்டைக்கு அதன்பின் பெராக்சைடும் ஊற்ற வேண்டும். துகள் வெயிலைத் தாங்கும், பெராக்சைடு தாங்காது.

பிறை_செல்வி: பெராக்சைடே தேவைப்படாத வழியும் இருக்கிறது தம்பி. சீரியம் ஆக்ஸைடு நுண்துகள்கள் அமிலச் சூழலில் பெராக்சைடு இல்லாமலே டிஎம்பியை நீலமாக்கும் என்று 2009இல் வெளிவந்தது. எல்லாப் புரதமும் மறைந்துபோவதில்லை. எஞ்சியிருக்கும் சிறிதளவைக் காட்டினாலே ஓர் உயிர் தப்பலாம்.

செராஸ்_ஆய்வகம்: அமிலச் சூழல் என்று நீங்களே சொல்கிறீர்கள். எதிர்ப்பொருள் புரதத்தைப் பற்றிக்கொள்வது ரத்தத்தின் நடுநிலைச் சூழலில். ஆகவே பிடிப்பது ஒரு கரைசலில், நிறம் வருவது மற்றொன்றில். இடையில் கழுவவும் வேண்டும். சரியாகக் கழுவாவிட்டால் ரத்தத்திலுள்ள வைட்டமின் சி நீலத்தை மீண்டும் நிறமற்றதாக்கிவிடும். நெரிசலான கிளினிக்கில் இத்தனை படிகளில் ஒன்றாவது தவறும்.

ஜார்ஜ்டவுன்_மாணவர்: துகள்மேல் எதிர்ப்பொருளைப் போர்த்தினால் அதன் வினைத்திறனும் குறையும். அதை யாரும் பேசவில்லையே?

பிறை_செல்வி: குறையும், அற்றுப்போவதில்லை. எபோலா பட்டையிலும் எதிர்ப்பொருள் போர்த்திய துகள்தான். இரண்டாம் தொற்று என்று உறுதியான மாதிரிகளில் இரு பட்டைகளையும் அருகருகே வைத்துப் கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனையின் முடிவோடு ஒப்பிடட்டும்.

செராஸ்_ஆய்வகம்: அந்தச் சோதனைக்கு நானும் உடன்படுகிறேன். ஆனால் பட்டையைக் கையாள்வது கிளினிக் தாதியாக இருக்க வேண்டும், ஆராய்ச்சியாளராக அல்ல.