புதுப்பிப்பு: அம்மப்பாவின் சீவுளி எந்தக் கம்பனி எண்டு தெரிஞ்சுது

திருகோணமலை டொக்யார்ட்டில தச்சு வேலை செய்த அம்மப்பாவின்ர இரும்புச் சீவுளி எந்தக் கம்பனியின்ர எண்டு கேட்டிருந்தன். கறள் ஏறிப் பேர் தெரியேல்ல, ‘04’ மட்டும் தெரிஞ்சுது. பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

விடை: ரெக்கோர்ட். இங்கிலாந்து ஷெஃபீல்டில 1898ல தொடங்கின சி. அண்ட் ஜே. ஹாம்ப்டன் கம்பனியின்ர மார்க்.

சரிவந்தது சோக்கட்டி யோசனைதான். அலகைக் கழட்டி மண்ணெண்ணெயில ஊறவிட்டு, பித்தளைத் தூரிகையால மெதுவாத் தேய்ச்சு, காய்ஞ்ச பிறகு வெள்ளைச் சோக்கைப் பூசித் துடைச்சன். பள்ளத்தில சோக் நிண்டு எழுத்து பளிச்செண்டு தெரிஞ்சுது. உப்புத்தாள் போடச் சொன்னதைச் செய்யேல்ல; போட்டிருந்தா எழுத்தும் போயிருக்கும்.

பூச்சியமும் முக்கியமாம். ஸ்டான்லி எண்ட மற்றச் சீவுளிக் கம்பனி 4 எண்டு போடுற அளவை ரெக்கோர்ட் 04 எண்டு போடும். உடம்பு இடுக்கில மிஞ்சின நீலப் பெயின்றும் அவையின்ர நிறம்தான். 1931லதான் சீவுளி செய்யத் தொடங்கினவை, அதால இது அதுக்கு முந்தினதில்லை.

எதிர்பாராதது ஒண்டு: மரக் கைபிடியில, அழுக்குக்குக் கீழ, காக்கைக்கால் மாதிரி மூண்டு கோடு. பிரித்தானிய அரச சொத்துக்குக் குத்துற அம்புக்குறி. பிரித்தானியக் கடற்படை திருகோணமலையில இருந்து போனது 1957ல. சீவுளி அதுக்கு முதலே டொக்யார்ட்டுக்கு வந்திருக்கவேணும் எண்டுதான் நினைக்கிறன். வீட்டுக்கு எப்பிடி வந்ததெண்டு அம்மம்மாட்டக் கேட்டா சிரிக்கிறா.