ரிஃப்ராக்‌ஷன் சர்வேயில் பாறை 6 மீட்டர், போர்ஹோலில் 9 மீட்டர்: எதை நம்புவது?

அஸ்திவாரம்: வணக்கம். பல்லாவரம் பக்கம் ஒரு கட்டடத்துக்கு மண் ஆய்வு. தரையில் சுத்தியலால் அடித்து, அலை வந்து சேரும் நேரத்தை வைத்துப் பாறையின் ஆழத்தைக் கணிக்கும் ரிஃப்ராக்ஷன் சர்வே செய்தோம். அடியில் சார்னோகைட் என்ற கடினப் பாறை, மேலே சிதைந்த பாறை. 24 ஜியோபோன் (நில அதிர்வை உணரும் கருவி), 2 மீட்டர் இடைவெளி, 8 கிலோ சுத்தியல். பயண நேர வரைபடத்தில் இரண்டே கோடுகள்: அலை வேகம் விநாடிக்கு 500 மீட்டர், அப்புறம் 4000. பிளஸ்-மைனஸ் முறையில் பாறை 6.2 மீட்டரில் வருகிறது. டோமோகிராபியில் (கணினி போடும் வேகப் படத்தில்) 2000 வேகக் கோட்டைப் பாறை எல்லையாக எடுத்தால் 7, 3000 கோட்டை எடுத்தால் 10. லைன் நடுவில் போட்ட போர்ஹோலில் (துளையில்) 9 மீட்டரில் பாறை. அதன் கீழே 3 மீட்டர் கோர் (உருளையாக வெட்டியெடுத்த பாறை மாதிரி) முழுசாக வந்தது. பைல் (அஸ்திவாரத் தூண்) நீளம் முடிவு செய்ய வேண்டும். எந்த முறை சரி?

சுத்தியல்காரன்: முறையை அப்புறம் பார்ப்போம். ஒரு முனையில் அடித்து மறுமுனையில் எடுத்த நேரமும், திருப்பி அடித்த நேரமும் ஒத்துப்போகிறதா? போர்ஹோலில் தண்ணீர் எத்தனை மீட்டரில்?

அஸ்திவாரம்: நேரம் 1 மில்லிவிநாடிக்குள் ஒத்துப்போகிறது சார். தண்ணீர் 5 மீட்டரில்.

சுத்தியல்காரன்: அப்படியானால் உங்கள் டேட்டா சரிதான். இடையில் ஓர் அடுக்கு ஒளிந்திருக்கிறது. தண்ணீர் ஊறிய சிதைந்த பாறையில் வேகம் 1500 வாக்கில் இருக்கும். 5 முதல் 9 மீட்டர் வரை அதுதான் என்று வைத்துப் போட்டுப் பாருங்கள். அந்த அடுக்கின் அலையும் பாறையின் அலையும் மேல் மண்ணிலேயே நேராகப் போகும் அலையை முந்துவது ஒரே இடத்தில், சுமார் 14.1 மீட்டரில். அதைத் தாண்டினால் பாறை அலைதான் முதலில் வரும். 2 மீட்டர் இடைவெளியில் நடு அடுக்கு கண்ணில் படவே படாது.

உங்கள் பிளஸ் நேரம் (இரு முனையிலும் அடித்து ஒரு ஜியோபோனுக்கு வந்த நேரங்களைக் கூட்டி, முனைக்கு முனை நேரத்தைக் கழித்தது) 25 மில்லிவிநாடி அளவில் இருக்க வேண்டும். முழுவதையும் 500 வேகத்துக்குக் கொடுத்ததால் 6.2 வந்தது. மேல் 5 மீட்டருக்கு 20 போக மிச்சம் 5. அதை 1500-க்குக் கொடுங்கள், ஏறக்குறைய 4 மீட்டர் வரும். மொத்தம் 9.

கோர்பெட்டி: டோமோகிராபியும் முதலில் வந்து சேரும் அலையின் நேரத்தை வைத்துத்தான் ஓடுகிறது, ஒளிந்த அடுக்கை அது தானாகக் கண்டுபிடிக்காது. சீராக ஏறும் தொடக்க மாடலில் ஓட்டினால் பாறையின் கூர்மையான எல்லை கலங்கிப்போகும். 7-ஆ 10-ஆ என்பது நீங்கள் எடுக்கும் கோட்டைப் பொறுத்துப் போய்விடும். போர்ஹோலின் மூன்று அடுக்கையும் தொடக்க மாடலாகக் கொடுத்து மறுபடி ஓட்டுங்கள்.

அஸ்திவாரம்: பிளஸ் நேரம் 24.8 சார், அப்படியே பொருந்துகிறது! லைன் முழுவதும் இதே திருத்தம் போடலாமா?

சுத்தியல்காரன்: நீர்மட்டம் எல்லா இடத்திலும் 5 மீட்டர் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும். பிளஸ் நேரம் அதிகமாக இருக்கும் இடத்தில் இன்னொரு போர்ஹோல் போட்டுவிட்டு பைல் நீளத்தை எழுதுங்கள்.