15 நிமிடமும் ஒரு முழுப் பயிற்சியும்

ஐரோப்பியக் கால்பந்துக் கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீக் ஆட்டத்துக்கு முந்தைய நாள் பயிற்சியில் செய்தியாளர்களை 15 நிமிடம் உள்ளே விடுவார்கள். வேலை நிமித்தம் அந்தக் கால் மணி நேரத்தைப் பலமுறை பார்த்திருக்கிறேன். உடலைச் சூடேற்றும் ஓட்டம், வட்டமாக நின்று நடுவில் துரத்தும் இருவருக்குச் சிக்காமல் பந்தைத் தட்டிவிடுவது, கொஞ்சம் சிரிப்பு. ஊடக அதிகாரி கையைத் தட்டினால் வெளியேற வேண்டும்; வியூகமும் கார்னர் ஒத்திகையும் அதற்குப் பிறகுதான். ஆனால் பழுத்த நிருபர்கள் அப்போது பந்தைப் பார்க்க மாட்டார்கள், தலைகளை எண்ணுவார்கள். யார் வரவில்லை, பிசியோதெரபிஸ்டுடன் ஓரமாகத் தனியே ஓடுவது யார்? மறுநாள் தலைப்புச் செய்தி அதில்தான் இருக்கும்.

ஒரு கிளப் முழுப் பயிற்சியையும் ரசிகர்களுக்குத் திறந்துவிட்ட நாளும் எனக்கு வாய்த்தது. இடது பின்கள வீரர் ஒருவர் ஓரத்திலிருந்து பந்தை உள்ளே தூக்கி அடித்துக்கொண்டே இருந்தார். ஒவ்வொன்றும் கோல்கீப்பரின் கைக்கே போனது. துணைப் பயிற்சியாளர் அருகே சென்று, குனிந்து, அவர் ஊன்றும் காலைப் பிடித்துச் சற்றே திருப்பி வைத்தார். அடுத்த பந்து கோல்கீப்பருக்கு எட்டாமல் வளைந்து விழுந்தது. அதற்குப் பின் வந்த இரண்டும் பழையபடி போயின, மறுபடியும் குனிந்தார். ஒரு வீரர் உருவாகும் விதத்தை இவ்வளவு அருகில் எந்தத் தொலைக்காட்சியும் காட்டியதில்லை, அதன் கேமரா பந்தின் பின்னால்தான் ஓடுகிறது.

பயிற்சியைத் திறந்துவிட்டால் ரகசியம் கசிந்துவிடும் என்ற பயிற்சியாளர்களின் அச்சம் வீணானது என்று சொல்ல மாட்டேன். 2019 ஜனவரியில் இங்கிலாந்துக் கால்பந்துக் கிளப்பான டெர்பி கவுண்டியின் பயிற்சியை வேவு பார்க்க, எதிரணியான லீட்ஸின் பயிற்சியாளர் மார்செலோ பியல்சா ஆள் அனுப்பியது அம்பலமானது. லீட்ஸுக்கு விதிக்கப்பட்ட 2,00,000 பவுண்டு அபராதத்தை அவரே கட்டினார். ஆட்டத்துக்கு முந்தைய 72 மணி நேரத்தில் எதிரணியின் பயிற்சியைப் பார்க்கக் கூடாது என்ற விதியும் அதன் பிறகே வந்தது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் நியூசிலாந்து மகளிர் கால்பந்து அணியின் பயிற்சிக்கு மேலே ட்ரோன் பறக்கவிட்ட விவகாரத்தில் கனடா 6 புள்ளிகளை இழந்தது, அதன் பயிற்சியாளருக்கு ஓராண்டுத் தடை. தவறு செய்தவர்கள் போட்டி அணியினர். ஆனால் அதைச் சொல்லிக் கதவடைக்கும்போது வெளியே நிற்பது ரசிகர்கள்.

ரசிகர்களும் எப்போதும் நல்லபடியாக நடந்துகொள்வதில்லை. 2024 டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் இந்தியக் கிரிக்கெட் அணியின் வலைப்பயிற்சியைக் காண ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். கூச்சலும் கேலியும் எல்லை மீறின, தொடரின் எஞ்சிய பயிற்சிகள் மூடப்பட்டன. அந்த முடிவை முழுமனதோடு ஆதரிக்கிறேன். மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் பந்து வரும்போது காதருகே ஒருவர் கத்தினால் அங்கே என்ன பயிற்சி நடக்கும்?

ஸ்பெயினின் கால்பந்துக் கிளப்புகளான ரியல் மாட்ரிட்டும் பார்சிலோனாவும் புத்தாண்டை ஒட்டிக் குழந்தைகளுக்காகக் கதவைத் திறக்கின்றன. அது கொண்டாட்டம், அதுவும் தேவைதான். நான் கேட்பது வேறு. ஆட்டத்துக்கு முந்தைய இரண்டு நாள்களைத் தாராளமாக மூடிக்கொள்ளட்டும். மாதத்தில் ஒரு நாளாவது, வியூகமே இல்லாத, அடிப்படைத் திறன்களை மட்டும் தீட்டும் பயிற்சியை முழுமையாகத் திறக்கட்டும். கால் எந்தப் பக்கம் ஊன்ற வேண்டும் என்பதில் எந்த அணிக்கும் ரகசியம் கிடையாது.